புதுப்பிப்பு: சாய்ந்துபோன கேட்மின்ட் மறுபடி பூத்தது

போன கோடையில் என் கேட்மின்ட் (புதினாக் குடும்பத்துப் பூச்செடி) நடுவில் பிளந்து சாய்ந்துவிட்டது, பிழைக்குமா என்று கேட்டிருந்தேன். பிழைத்துவிட்டது! முதல் பூ முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினேன், மனசே வரவில்லை. சில வாரங்களில் புதுத் தளிர், அப்புறம் இரண்டாவது சுற்றுப் பூ. உரத்தையும் நிறுத்திவிட்டேன். கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு துவண்டுவிடுகிறது.

குளிர்காலம் முழுக்கக் காய்ந்த தண்டுகளைத் தொடவில்லை. வசந்தத்தில் அடியில் சாம்பல் பச்சை முளைகள் தெரிந்த பிறகுதான் ஒட்ட நறுக்கினேன். அந்த முளைகளைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

விதை கேட்டவர்களுக்கு: என்னுடையது 'வாக்கர்ஸ் லோ' ரகம், விதையை நம்ப முடியாது. வேரோடு பிரித்து நடுங்கள். நான் மூன்றாகப் பிரித்தேன். மூன்றிலும் இப்போது தேனீக்கள்.