வியாழன் பந்தயத்துக்கு இரட்டைப் பதிவு கட்டாயமா? டிரெயினர் காட்டும் வாட்டை எவ்வளவு நம்புவது?

(குழு விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மிதிவேகம்

வியாழக்கிழமை ராத்திரி, வீட்டில் டிரெயினரில் மாட்டிய சைக்கிளை மிதித்தபடி, ஸ்விஃப்ட் என்ற இணைய சைக்கிள் செயலியில் நாம் நடத்தும் பந்தயத்துக்கு ஒரு புது விதி முன்வைக்கிறேன். முதல் 5 இடம் பிடிப்பவர்கள் இரட்டைப் பதிவு காட்ட வேண்டும். டிரெயினர் அளக்கும் வாட், அதாவது மிதிக்கும் சக்தி, வழக்கம்போல ஸ்விஃப்டுக்குப் போகட்டும்; அதே நேரம் பெடலிலோ அதைத் தாங்கும் கிராங்கிலோ உள்ள பவர் மீட்டரின் வாட் சைக்கிள் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிவாகட்டும். பந்தயம் முடிந்ததும் இரண்டு பதிவின் வரைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்ப்போம்.

நம்மிடம் உள்ள டிரெயினர்கள் ஒரே தரத்தில் இல்லை. வாஹூ கிக்கர் 6ஆம் பதிப்பு வாட் காட்டுவதில் பிழை ±1% என்கிறது. கிக்கர் கோர் ±2%. பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும் ஸ்னாப் ±3%. டாக்ஸ் ஃப்ளக்ஸ் எஸ் 3%க்குள். இவை கம்பெனிகளே சொல்லும் அளவு. 75 கிலோ ஆள் கிலோவுக்கு 3.2 வாட் போட்டால் 240 வாட். அதில் 3% ஏழு வாட்டுக்கு மேல். ஒருவருக்கு மேல்நோக்கி 3, இன்னொருவருக்குக் கீழ்நோக்கி 3 என்றால் நடுவில் 14 வாட். கடைசி ஏற்றத்தில் 14 வாட் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சங்கிலி எண்ணெய்

கண்டிப்பா எதிர்க்கிறேன் அண்ணே. ரெண்டு பக்கமும் அளக்குற பெடல் வாங்கணும்னா கிட்டத்தட்ட இன்னொரு டிரெயினர் வாங்குற காசு ஆகும். நம்ம குழுவுல பாதிப் பேர் செகண்ட் ஹேண்ட் டிரெயினர்ல ஓட்டுறவங்க. அவங்களைப் பார்த்து "நீ முதல் 5க்குள்ள வரணும்னா முதல்ல கடைக்குப் போ"னு சொல்றதுதான் இந்த விதி.

அடுத்தது, துல்லியம் துல்லியம்னு பேசுறோம். பயிற்சிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நேத்து 240 காட்டுன உழைப்புக்கு இன்னைக்கும் 240 காட்டணும். அது உண்மையில 234ஆ இருந்தா என்ன கெட்டுப்போச்சு? எஃப்டிபி டெஸ்ட்டும் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வாட் எவ்வளவுன்னு பார்க்கிறது) அதே டிரெயினர்லதான் எடுக்கிறோம், பயிற்சிக்கான வாட் சோன் எல்லாம் அந்த எண்ணுல இருந்துதான் கணக்குப் போடுறோம். பிழை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால அடிபட்டுப் போயிடும்.

வாட்கணக்கு

விதி வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால், கோடுகளைப் போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சில் உள்ள ஒரு பெரிய தவறான எதிர்பார்ப்பைத் தீர்த்துவிடலாம். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும் என்பதில்லை.

பெடல் அளப்பது காலில் இருந்து வரும் சக்தி. டிரெயினர் அளப்பது செயினைத் தாண்டி, கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) வழியாகத் தன்னிடம் வந்து சேரும் சக்தி. நடுவில் செயின், ஜாக்கி வீல், பேரிங் எல்லாம் தின்றது போக மிச்சம். சுத்தமாக எண்ணெய் போட்ட செயினில் இழப்பு 2 முதல் 3%. அழுக்கேறிய செயினில் இன்னும் கூடும். காலில் 250 வாட் என்றால் டிரெயினருக்கு 243 வருவது இயல்பு.

இப்போது கருவிப் பிழையைச் சேருங்கள். பெடல் ±1% என்றால் 247.5 முதல் 252.5 வரை எதையும் காட்டலாம். டிரெயினர் ±2% என்றால் 238 முதல் 248 வரை. இடைவெளி ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 14 வாட்டும் இருக்கலாம். இரண்டு நிலையிலும் இரண்டு கருவியும் பெட்டியில் எழுதிய வாக்கைக் காப்பாற்றியவைதான். சந்தேகப்பட வேண்டியது டிரெயினர் பெடலைவிடத் தெளிவாக அதிகம் காட்டும்போது. சக்தி செயினில் ஓடிவரும் வழியில் வளராது.

பனிக்கூடம்

> நேத்து 240 காட்டுன உழைப்புக்கு இன்னைக்கும் 240 காட்டணும்

இதைத்தான் சங்கிலி, பல டிரெயினர்கள் தாமாகச் செய்வதில்லை. நான் இருப்பது டொரோண்டோ. ஜனவரியில் எங்கள் கராஜில் 5 டிகிரி. அந்தக் குளிரில் ஏறி உட்கார்ந்த முதல் 10 நிமிடம் காட்டும் எண்ணும், பெல்ட்டும் பேரிங்கும் சூடேறிய பிறகு காட்டும் எண்ணும் வேறு. உள்ளே உள்ள இழுவை சூட்டில் குறையும். டிரெயினர் இன்னமும் பழைய இழுவையையே கணக்கில் கூட்டிக்கொண்டிருந்தால் வாட் தப்பாக வரும். ஸ்பின்டவுன் செய்வது அந்த இழுவையைப் புதிதாக அளக்கத்தான்: வாஹூவில் மணிக்கு 37 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்க் காலை நிறுத்தினால், சக்கரம் தானாக ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளும். சூடேறிய பிறகு செய்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

பின்சக்கரத்தை அழுத்தும் டிரெயினரில் இன்னும் மோசம். டயரில் காற்று எவ்வளவு, உருளையை எத்தனை திருகு இறுக்கினோம், டயர் எவ்வளவு சூடானது என எல்லாமே எண்ணை மாற்றும். அழுத்தம் போதாமல் வேகமெடுக்கும்போது டயர் வழுக்கினால் ஸ்பிரின்ட் எண் வெறும் கற்பனை. டாக்ஸ் நியோ மாதிரி பெல்ட்டே இல்லாமல் மோட்டாரை நேரே சுழற்றும் வகைக்கு இப்படி அளவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் தேவையில்லை. ஆனால் அதன் விலை தெரியுமே.

சங்கிலி எண்ணெய்

பனி அண்ணா, நீங்க சொன்னதை நான் மறுக்கல. நீங்க சொன்னது எனக்குத்தான் சாதகம். பத்து நிமிஷம் ஓட்டிட்டு ஸ்பின்டவுன் பண்ணுங்க, டயர் பிரஷர் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வையுங்கன்னு விதி போடுங்க. காசு செலவில்லாத விதி. எல்லாராலும் முடியும்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. ஸ்விஃப்ட்ல அவங்கவங்க போடுற எடையை யார் சரிபார்க்கிறா? 75 கிலோ ஆள் 73னு போட்டா கிலோவுக்கு வாட் 2.7% கூடிப்போகும். கிக்கர் கோரோட மொத்தப் பிழையைவிட அது பெருசு. எந்தக் கருவியும் இல்லாம, ரெண்டு எண்ணைத் தட்டினா போதும். அதை விட்டுட்டு டிரெயினரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

மிதிவேகம்

எடை பார்ப்பதையும் காணொளியாகக் கேட்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. தம்பி, ஒன்றைச் சரிசெய்யவில்லை என்பது இன்னொன்றையும் விட்டுவிடக் காரணம் ஆகாது.

பயிற்சிக்கு நீ சொல்வது சரி. தன் நேற்றைய எண்ணோடு தன் இன்றைய எண்ணை ஒப்பிடுபவனுக்கு உண்மையான வாட் தேவையே இல்லை. பந்தயத்தில் என் எண்ணை உன் எண்ணோடு ஒப்பிடுகிறோம். உன் டிரெயினர் தினமும் மாறாமல் 4% கூட்டிக் காட்டினால், அது மாறாமல் இருப்பதால் எனக்கு என்ன லாபம்? ஸ்விஃப்டில் உள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலைப்பாதை 12.2 கிலோமீட்டர், 1,036 மீட்டர் ஏற்றம். அதை ஒரு மணி நேரத்தில் ஏறுபவருக்கு 4% வாட் என்பது ஏறக்குறைய 2 நிமிடம்.

2020 டிசம்பரில் யுசிஐ (சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியம்) முதல் இணைய சைக்கிள் உலகப் போட்டியை நடத்தியபோது போட்டியாளர்களின் வீடுகளுக்கே ஒரே மாடலை, டாக்ஸ் நியோ 2டியை, அனுப்பி வைத்தார்கள். ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோவும் வென்றது அதில்தான். ஆளுக்கொரு டிரெயினர் என்று விட்டால் பட்டத்துக்கு மதிப்பிருக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சங்கிலி எண்ணெய்

அவங்க அனுப்பினாங்க அண்ணே! வாங்கிட்டு வான்னு சொல்லல. அந்த வித்தியாசத்தைத்தான் நான் கத்திக்கிட்டு இருக்கேன்.

இரட்டைப் பதிவுன்னா நேர்மை வந்துடும்னும் நினைக்காதீங்க. அதே 2020 கடைசியில, இரண்டாவது கருவியோட கோப்பைத் திருத்திக் கொடுத்ததுக்காக ரெண்டு வீராங்கனைகளுக்கு ஸ்விஃப்ட் 6 மாசம் தடை போட்டுச்சு. 2024ல அந்த உலகப் போட்டி மைவூஷ்ங்கிற இன்னொரு செயலியில நடந்தப்போ இறுதிச்சுற்றுக்கு எல்லாரையும் அபுதாபிக்கே வரவழைச்சுட்டாங்க. வீட்ல இருந்து வர்ற எண்ணை எத்தனை கருவி வச்சாலும் முழுசா நம்ப முடியாதுன்னுதான் நான் அதைப் புரிஞ்சுக்கிறேன்.

வாட்கணக்கு

அந்தத் தடைச் சம்பவத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். திருத்தியது பிடிபட்டதே ஒப்பிட இன்னொரு கோப்பு இருந்ததால்தான்.

ஆனால் சங்கிலி சொல்லாமல் விட்ட ஒன்று அவர் பக்கத்துக்கே வலு சேர்க்கும். இரண்டாவது கருவி என்றவுடன் அதை நீதிபதி ஆக்கிவிடுகிறோம். அதுவும் தப்புச் செய்யும். விலை குறைவு என்று பலர் வாங்குவது இடது கிராங்கில் மட்டும் ஒட்டிய மீட்டர். இடது காலை அளந்து இரண்டால் பெருக்குவதுதான் அதன் வேலை. ஒருவருக்கு இடம் 48, வலம் 52 என்று இருந்தால், மொத்தம் 240 வாட் போடும்போது அது 230 காட்டும். கருவியில் குறையே இல்லை, ஆனாலும் 10 வாட் காணாமல் போயிற்று. அந்த 230ஐ வைத்துக்கொண்டு "உன் டிரெயினர் அதிகம் காட்டுகிறது" என்று ஒருவரைத் தகுதிநீக்கம் செய்தால் அது அநியாயம்.

பெடல் மீட்டரிலும் கிராங்க் நீளத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் ஓட்டிக்கொண்டு 172.5 என்று விட்டுவிட்டால் 1.5% கூடுதலாகக் காட்டும். ஏறும் முன் ஜீரோ செய்யாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஓவல் செயின்ரிங் (முட்டை வடிவ முன்பக்கப் பல்சக்கரம்) போட்டவர்களுக்குச் சில கிராங்க் மீட்டர்கள் உண்மையைவிட அதிகம் காட்டும், ஒரு சுற்று முழுக்க ஒரே வேகம் என்று அவை கணக்கிடுவதால்.

  

கொல்லிமலை ஏறி

கருவியைக் கருவியோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மலையோடு ஒப்பிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காற்றில்லாத விடியற்காலையில் ஏறிவிட்டு நான் போடும் கணக்கு இதுதான். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ. 500 மீட்டர் உயரத்தை 30 நிமிடத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு மட்டும் 218 வாட். சராசரி 7% சரிவு என்றால் டயர் உராய்வுக்கு 15, காற்றுக்கு 12 சுமாராகச் சேரும். சக்கரத்தில் 245. செயின் இழப்பைக் கூட்டினால் பெடலில் 253 அளவுக்கு வர வேண்டும். பெடல் 270 என்றாலோ 235 என்றாலோ அதில் ஏதோ கோளாறு. சரியாக வந்தால் அதே பெடலைக் கழற்றி, டிரெயினரில் நிற்கும் சைக்கிளில் மாட்டுங்கள்.

என் யோசனை: குழு சேர்ந்து ஒரு ஜோடி பெடல் வாங்குவோம். மாதம் ஒரு ஊர் என்று சுற்றட்டும். டிரெயினர் வைத்திருப்பவர் ஒரே ஒரு நாள் அதைப் போட்டு, சூடேற்றி, 150, 200, 250 வாட்டில் சில நிமிடங்கள், பெரிய செயின்ரிங்கிலும் சின்னதிலும் ஓட்டிக் கோப்பை அனுப்பட்டும். சில டிரெயினர்கள் உள்ளே சுழலும் கனமான ஃப்ளைவீலின் வேகத்தைப் பொறுத்து வேறுவேறாகக் காட்டும் என்பதால் இரண்டிலும் ஓட்டச் சொல்கிறேன். யாரும் தனியாக வாங்க வேண்டாம்.

பனிக்கூடம்

கடல் கடந்திருப்பவர்கள் நாங்கள் ஆறேழு பேர். எங்களுக்குள் ஒரு ஜோடி ஏற்கெனவே இருக்கிறது, சுற்றுக்கு விடத் தயார்.

மிதிவேகம்

இதை ஏற்கிறேன். விதியை இப்படி மாற்றி எழுதுகிறேன்: ஒவ்வொரு டிரெயினரும் ஆண்டுக்கு ஒரு முறை குழுவின் பெடலோடு ஒப்பிடப்பட வேண்டும். டிரெயினர் பெடலைவிட 0 முதல் 6% வரை குறைவாகக் காட்டினால் கேள்வியில்லை. அதிகமாகக் காட்டினால் ஸ்பின்டவுன் செய்து மறுபடி ஒரு முறை. அப்போதும் அதிகம் என்றால் பந்தயத்தில் ஓடலாம், முதல் 5க்குள் இடம் கிடையாது. எடைக் காணொளி முதல் 5 பேருக்குக் கட்டாயம். இதன்மேல் ஞாயிறு வரை வாக்களியுங்கள்.

சங்கிலி எண்ணெய்

பெடல் சுத்துறதுக்கு நானும் பணம் போடுறேன். எடைக் காணொளிக்கு ஆதரவு. ஆனா "இடம் கிடையாது"ங்கிற வரிக்கு எதிர்த்துத்தான் வாக்கு. மிதிவேகம் அண்ணன் எழுதினபடி 6% குறைவா காட்டுறவனும் விதிக்குள்ள, சரியா சமமா காட்டுறவனும் விதிக்குள்ள. அவங்க ரெண்டு பேருக்கு நடுவுலயே 14 வாட் இருக்கு. அதை ஏத்துக்கிறவங்க, 1% மேல காட்டுற பழைய டிரெயினர்காரனை மட்டும் வெளியில தள்ளுறது எந்தக் கணக்குல சரி? அந்த வரியை எடுத்துட்டு, அதிகம் காட்டுற டிரெயினரோட எண்ணை அந்தச் சதவீதம் அளவுக்குக் குறைச்சு முடிவைத் திருத்தி எழுதுங்க. அதுக்கு நான் கை தூக்குறேன்.

வாட்கணக்கு

குறைப்பதென்றால் குறைவாகக் காட்டுபவருக்குக் கூட்டவும் வேண்டும். எல்லார் கோப்பும் கையில் வந்தபிறகு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அதுவரை நான் வாக்களிக்கவில்லை.