‘வாரியர் விதின்’ இளவரசனைக் கெடுத்ததா?

மணல்கடிகாரம்:
பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வீடியோ கேம்களை மறுபடி வரிசையா ஆடிட்டு இருக்கேன். 2003ல வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ முடிச்ச கையோட 2004ல வந்த ‘வாரியர் விதின்’ போட்டேன். ஒரே யுபிசாஃப்ட் மான்ட்ரியல் ஸ்டூடியோ, ஒரே வருஷ இடைவெளி. ஆனா இளவரசன் வேற ஆள்.

முதல் பாகத்துல அவன் கதைசொல்லி. நாம பள்ளத்துல விழுந்து செத்தா, அப்படி நடக்கவே இல்லைன்னு தன் கதையைத் தானே திருத்திக்குவான். சாகறதைக் கூட கதைக்குள்ள இழுத்துட்டாங்க. இவ்வளவு நேரம் கூடவே சண்டை போட்ட இளவரசி ஃபராகிட்டதான் சொல்லிட்டு இருந்தான்னு கடைசியில தெரியும்போது புல்லரிக்கும். ரெண்டாவதுல செத்தா செத்ததுதான். ஃபராவும் இல்ல. எதிர்ல வர்றவங்களைப் பார்த்து கத்துற ஒரு முரடன் மட்டும் மிச்சம்.

இரட்டைவாள்:
தலைவா, கதையைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க, சண்டையைப் பத்தி மூச்சே விடலையே. முதல் பாகத்துல தலைக்கு மேல தாவு, முதுகுல வெட்டு, விழுந்தவனைக் கத்தியால குத்தி மணலை உறிஞ்சு. அவ்வளவுதான். அந்த லிஃப்ட் சண்டை ஞாபகம் இருக்கா? லிஃப்ட் மேல ஏறிட்டே இருக்கும், ஆளுங்க முளைச்சிட்டே இருப்பாங்க, நடுவுல ஃபரா செத்தாலும் ஆட்டம் க்ளோஸ். கீபோர்டை உடைக்காம அதைத் தாண்டினவங்க கை தூக்குங்க.

‘வாரியர் விதின்’ல ரெண்டாவது கையிலயும் ஆயுதம். எதிரிகிட்ட இருந்து பிடுங்கலாம், வீசி எறியலாம், தூணைப் பிடிச்சு சுத்திக்கிட்டே வெட்டலாம். குறையைச் சரி பண்ணின பாகத்தைத்தான் திட்டுறீங்க.

ஜன்னலோரம்:
சண்டை மேம்பட்டது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. சரி செய்ய வந்தவர்கள் பழுதில்லாத இடத்தையும் இடித்துவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. ஆட்கள் மாறியதைப் பாருங்கள். முதல் பாகத்தின் கிரியேட்டிவ் டைரக்டர் பாட்ரிஸ் டெசிலே உடனே அடுத்த தலைமுறை கன்சோலுக்கான வேறொரு பிரின்ஸ் விளையாட்டுக்குப் போய்விட்டார். அதுதான் உருமாறி 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆனது. 1989இல் ஆப்பிள் டூ கணினியில் இந்த வரிசையைத் தொடங்கியவரும் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கதையை எழுதியவருமான ஜோர்டன் மெக்னர் இரண்டாம் பாகத்தில் இல்லை. அதன் வன்முறை தனக்கு உவப்பில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

குரலும் மாறியது. யூரி லோவென்தால் பேசிய இளவரசனுக்கு ராபின் ஆட்கின் டவுன்ஸ் வந்தார். அமெரிக்க வயதுச் சான்று ‘டீன்’ இலிருந்து ‘மெச்சூர்’ ஆனது. கூடவே காட்ஸ்மேக் என்ற ராக் குழுவின் மெட்டல் கிதார். இத்தனையும் ஒரே வருடத்தில்!

இரட்டைவாள்:
காட்ஸ்மேக்கைத் தொடாதீங்க! தஹாகாங்கற அந்தப் பூதம் துரத்தும்போது திரை வெளிறிப்போய் அந்த கிதார் ஆரம்பிக்கும் பாருங்க, கை தானா வேர்க்கும். தண்ணித் திரைக்கு அந்தப் பக்கம் பாய்ஞ்சா மட்டும்தான் உயிர் பிழைப்போம், ஏன்னா அதுக்குத் தண்ணி ஆகாது.

அவன் ஏன் முரடனானான்னும் யோசிங்க. காலத்தை மாத்தினவன், செத்திருக்க வேண்டியவன். காலத்தோட காவலாளியான அந்தத் தஹாகா ஏழு வருஷமா விரட்டுது. தூக்கமில்லாதவன் ஃபராகிட்ட பேசின மாதிரி குறும்பா பேசிட்டு இருப்பானா? கதைப்படி இதுதான் நியாயம்.

மணல்கடிகாரம்:
கோபம் நியாயம். அந்தக் கோபத்தை எழுதத் தெரியலைன்னுதான் சொல்றேன். ஏழு வருஷ பயத்தைப் பத்தி அவன் நாலு வரி உருப்படியா பேசியிருந்தா நானே அவன் கட்சி. அதை விட்டுட்டு எதிரியா வர்ற ஷாடீங்கற பொண்ணைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. கேமரா அவ முகத்துக்கு முன்னாடி எதைக் காட்டுதுன்னு உங்களுக்கே தெரியும். பதினஞ்சு வயசுப் பையன் நோட்டுக்குப் பின்னாடி வரைஞ்ச படம் மாதிரி இருக்கு.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். ஒரே அறையை இடிஞ்சுபோன நிலையிலும், மணல் வாசல் வழியா பழைய காலத்துக்குப் போய் பொறியெல்லாம் ஓடிட்டு இருக்கிற நிலையிலும் கடக்க வெச்சது அருமை.

நெட்சென்டர்_வாசி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணா. நான் முதல்ல ஆடினதே ‘வாரியர் விதின்’தான். பிரவுசிங் சென்டர்ல அது மட்டும்தான் இருந்துச்சு. எனக்கு அந்த முரடன்தான் பிரின்ஸ். பிறகு ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆடினப்போ, என்னடா இவன் இவ்வளவு பேசுறான்னு தோணுச்சு. ஏமாந்தவங்க எல்லாரும் முதல் பாகத்தை முதல்ல ஆடினவங்கதானே?

ஜன்னலோரம்:
ஆமாம் தம்பி, வாக்குக் கொடுக்கப்பட்டவர்கள்தான் ஏமாற முடியும். நிறுவனத்துக்கும் அது புரிந்தது போலும். 2005இல் வந்த ‘தி டூ த்ரோன்ஸ்’ விளையாட்டில் லோவென்தாலைத் திரும்ப அழைத்தார்கள், ஃபராவும் வந்தாள். முரட்டு இளவரசனை ‘டார்க் பிரின்ஸ்’ என்று தனிக்குரலாகப் பிரித்து, ஒரே உடம்புக்குள் இரண்டு ரசிகர் கூட்டத்தையும் குடிவைத்தார்கள். ‘வாரியர் விதின்’ சரியாகவே இருந்திருந்தால் இந்தக் கட்டப்பஞ்சாயத்து எதற்கு?

இரட்டைவாள்:
முழுசா தப்பா இருந்திருந்தா அவனைத் தூக்கிப் போட்டிருப்பாங்களே, ஏன் பாதி உடம்பைக் கொடுத்தாங்க? மூணாவது பாகத்துல ஜனங்க ரசிச்சதே அந்த டார்க் பிரின்ஸோட நக்கலைத்தான்.

மணல்கடிகாரம்:
நக்கல்! அதாவது பேச்சு. ரெண்டாவது பாகத்துல இல்லாதது அதுதான்னு நான் முதல்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்.

இரட்டைவாள்:
மடக்கிட்டதா நினைப்பு. சரி, இப்ப எங்க நிக்கிறீங்க?

மணல்கடிகாரம்:
கார்டன் டவர் முடிச்சாச்சு, மெக்கானிக்கல் டவர் உள்ளே போறேன்.

இரட்டைவாள்:
உயிரளவைக் கூட்டுற லைஃப் அப்கிரேடு எத்தனை எடுத்தீங்க?

மணல்கடிகாரம்:
வழியில கண்ணுல பட்டது ஒண்ணு ரெண்டு. ஏன்?

இரட்டைவாள்:
போச்சு. ஒன்பதையும் எடுத்தாதான் வாட்டர் ஸ்வார்டு கிடைக்கும், அது இருந்தாதான் தஹாகாவோட கடைசிச் சண்டையும் ரகசிய முடிவும். ‘டூ த்ரோன்ஸ்’ கதை அந்த முடிவுலேர்ந்துதான் தொடங்குது. விட்டுட்டீங்கன்னா காலத்தின் பேரரசி கைலீனாவை உங்க கையால கொல்லுவீங்க, அடுத்த பாகத்துல அவ கப்பல்ல உங்க பக்கத்துல நிப்பா. திரும்பிப் போய் எடுங்க. இல்லேன்னா அதுக்கும் ஒரு திரி ஆரம்பிச்சு திட்டுவீங்க.

மணல்கடிகாரம்:
அடுத்த பாகம் புரியணும்னா ஒளிச்சு வெச்ச அப்கிரேடையெல்லாம் தேடணுமா? திரியை இப்பவே ஆரம்பிக்கிறேன்.