மறு: ஸ்கிரீனிங்குக்குத் தமிழில் என்ன?

அன்பர்களுக்கு,

புராஸ்டேட் புற்றுநோய்க் கையேட்டில் நான் முட்டி நிற்பது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டின் பெயரில் இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். ‘முன்னிற்கும் சுரப்பி’ கிரேக்க வேருக்குச் சரி, கிளினிக் வாசலில் யாருக்கும் புரியாது. சிக்கல் ஸ்கிரீனிங்தான். ‘திரையிடல்’ என்று எழுதிப் பார்த்தேன். “என்ன படம் போடுறாங்க?” என்றாள் மனைவி.

‘பரிசோதனை’ போதாதா? போதாது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று வருபவருக்குச் செய்வது பரிசோதனை. ஒரு தொந்தரவும் இல்லாதவரிடம் நோய் ஒளிந்திருக்கிறதா என்று ரத்தம் எடுப்பது வேறு, அதுதான் ஸ்கிரீனிங். என் அண்ணன் மாஸ்டர் செக்கப் போனார். பேக்கேஜோடு பி.எஸ்.ஏ.வும் வந்தது, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. தாளில் 5.2 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் வரம்பு 0–4. அன்றிரவே வீட்டில் சொத்துப் பேச்சு தொடங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. தொற்றிலும் ஏறும், வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும் ஏறும் எண் அது. ஆளைக் கொல்லாமல் மெதுவாக வளரும் புற்றையும் பிடித்துவிடும். அதை அறுக்கப் போய்ச் சிறுநீரை அடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012இல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றதும், 2018இல் 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டதும் இந்த இழுபறியால்தான்.

மாவு சலித்தால் மேலே நிற்பதெல்லாம் கல் இல்லை, கப்பியும் நிற்கும். அதனால் ‘சலிப்புச் சோதனை’ என்கிறேன்.

---

ஐயா, வணக்கம்.

உவமை பிடித்திருக்கிறது, சொல் பிடிக்கவில்லை. வெறும் வயிற்றோடு லேபில் காத்திருப்பவருக்குச் ‘சலிப்பு’ என்றால் வேறு பொருள். ‘புடைப்பு’ என்று யோசித்தேன். வீங்கிய சுரப்பியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அது இன்னும் மோசம்.

‘சல்லடைச் சோதனை’ என்றால் என்ன? வரம்புக்கும் சொல் கிடைத்துவிடும்: சல்லடைக் கண். 4 என்பதை 3 ஆக்கினால் கண் சிறிதாகிறது, கப்பி கூடுதலாக நிற்கும். பெரிதாக்கினால் கல்லும் நழுவும். நோயாளிகளிடம் இதை விளக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

---

கண் அருமை, அம்மா. ‘சல்லடைச் சோதனை’ என்றே போடுகிறேன். அப்புறம், பாசிட்டிவுக்கு ‘நின்றது’ என்று எழுதலாமா? ‘நேர்மறை’ என்றால் நல்ல சேதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.