பியானோவை வைத்துப் பழைய இசைத்தட்டின் வேகத்தைக் கணிக்கலாமா?

தட்டுச்சேகரிப்பாளர்:
எமில் பெர்லினர் 1890களில் வெளியிட்ட ஏழு அங்குலத் தட்டுகளில், பியானோ துணையுடன் இருவர் பாடிய பாட்டுகளை எண்ணிம வடிவில் மாற்றுபவர்கள், பழக்கத்தால் நிமிடத்திற்கு 78 சுற்று என்று வைத்துவிடுகிறார்கள். அவற்றில் பல 70 சுற்றை ஒட்டிப் பதிவானவை. 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒரு கட்டை (பியானோவில் இரண்டு விசைகள் தள்ளிய அளவு) ஏறி, முதிர்ந்த ஆண்குரல்கள் பையன்களின் குரல்போல் மெலிந்து ஒலிக்கின்றன. குரல் நழுவும், பியானோவின் கம்பி நழுவாது. ஆகவே அச்சிட்ட இசைத்தாளின் சுருதிக்குப் பியானோவைப் பொருத்திவிட்டால் சரியான வேகம் கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

சுருதிப்பெட்டி:
இதை நான் ஏற்கவில்லை, ஐயா. பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கியோ ஏற்றியோ வாசிப்பது பக்கவாத்தியக்காரரின் அன்றாட வேலை. பெர்லினருக்குப் பியானோ வாசித்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் அச்சுத்தாளின் சுருதியிலேயே வாசித்தார் என்று எதை வைத்துச் சொல்வது? மேலும் 1891இல் அமெரிக்கப் பியானோ உற்பத்தியாளர்கள் ஏற்ற சுருதி அளவு, நடு ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகள். பழைய உயர்சுருதியோ 452ஐயும் எட்டும். இந்த வேறுபாடே அரைக்கட்டையில் பாதியைத் தாண்டுகிறது.

தட்டுச்சேகரிப்பாளர்:
அந்த வேறுபாடு ஒரு கட்டைப் பிழையை மறைக்காதே. சுருதி மாற்றி வாசித்திருந்தாலும் அது அரையரைக் கட்டையாகத்தான் நகரும். ஒவ்வொரு படிக்கும் வேகம் ஆறு விழுக்காடு மாறுவதால், 70, 74, 78 என்று மூன்றே வாய்ப்புகள் எஞ்சுகின்றன. அவற்றுள் எது பொருத்தம் என்பதை உயிரெழுத்தின் நிறமும் குரலின் அதிர்வும் காட்டிக்கொடுக்கும்.

சுருதிப்பெட்டி:
அப்படியானால் முடிவு செய்வது உங்கள் காதே, பியானோ அன்று. அந்தப் பியானோ எப்படிப் பதிவானது என்பதையும் எண்ணுங்கள். நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோவை மேடை மீது ஏற்றி, பின்பலகையைக் கழற்றி, ஒலியைப் பிடிக்கும் கூம்புக்குழலின் வாயை நோக்கித் திருப்பி வைத்தார்கள். முன்னே இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பாடும் பல்லவியில் அது மறைந்துபோகிறது. வரிகளுக்கு இடையே மட்டும் மேற்சுரங்கள் சன்னமாகக் கேட்கின்றன. கீழ்ச்சுரங்களைக் குழல் பிடிக்கவே இல்லை. அத்தனை குறைந்த சான்றை நம்பி வேகத்தை நிலைநாட்டுவது எனக்கு அச்சமாக இருக்கிறது. திருத்தாத பிரதியையும், எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

தட்டுச்சேகரிப்பாளர்:
திருத்தாத பிரதியைச் சேர்க்கிறேன், அது நியாயம். ஆனால் வரிகளுக்கு இடையே கேட்கும் அந்தச் சில சுரங்களே எனக்குப் போதுமானவை. 70ஐ நான் விடமாட்டேன்.