பிள்ளையில்லாத பெரியம்மாவுக்குக் குவான் யின் படம்: கையில் குழந்தை வேண்டுமா?

பீடோர் தூரிகை:

மலேசியாவின் பீடோருக்கு வெளியே, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் ஒன்றை ஒட்டி வசிக்கிறேன். எங்கள் மாரியம்மன் கோயிலுக்குச் சுவர்ப் படங்கள் வரைந்து பழகியவள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியம்மா தம் வீட்டுப் பூசை மேடைக்கு, சீன பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் படம் ஒன்று கேட்டிருக்கிறார். சீன நாட்காட்டியின் ஆறாம் மாதம் 19ஆம் நாளுக்குள் வேண்டுமாம். "அம்மா போல இருக்க வேண்டும்" என்பதைத் தவிர வேறு குறிப்பு எதுவும் அவர் தரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பார்த்த படங்கள் சிலவற்றில் குவான் யின் கையில் குழந்தை இருக்கிறது, பலவற்றில் இல்லை. குழந்தையை வரைந்தால் அவர் மனம் நோகுமோ என்று தயங்குகிறேன். வரையாவிட்டால் தாய்மையை எதில் காட்டுவது என்றும் விளங்கவில்லை. போதாததற்கு, எந்த முகத்தை வரைந்தாலும் நம் அம்மனின் சாயல் வந்துவிடுகிறது.

ஆயர் ஈத்தாம் வாசி:

சகோதரி, குழந்தையை ஏந்திய குவான் யின் பிள்ளை வரம் வேண்டுவோருக்கான தனி வடிவம். குமாரஜீவர் என்ற துறவி கி.பி. 406இல் சீனத்தில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் 25ஆம் அத்தியாயத்தில், ஆண்பிள்ளை வேண்டி வணங்கும் பெண்ணுக்கு ஆண்பிள்ளையும் பெண்பிள்ளை வேண்டுவோருக்குப் பெண்பிள்ளையும் கிடைக்கும் என்ற வாக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பற்றியே இவ்வடிவம் பரவியது. ஆகவே அந்தக் குழந்தை கேட்பவருடைய வேண்டுதல். அந்த வேண்டுதல் இல்லாத வீட்டில் அதற்கு வேலையில்லை. வெள்ளாடை, ஒரு கையில் நீர்க்குடுவை, மறு கையில் வில்லோ மரக் கிளை, மகுடத்தில் சிறிய அமிதாப புத்தர் ஆகியவை போதும். இங்கே பினாங்கில் கெக் லோக் சி ஆலயத்தில் 2002இல் நிறைவடைந்த 30.2 மீட்டர் உயர வெண்கலச் சிலையின் கையிலும் குழந்தை இல்லை.

கடாரத்தான்:

மேலே சொன்னது சரிதான். ஆனால் தாய்மை என்றாலே பெண்ணுடல், பெண்ணுடல் என்றாலே குழந்தை என்று நாம் போய்விடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பீடோரிலேயே 1936இல் ஈயச் சுரங்கம் ஒன்றில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஆண் உருவம். இந்தியாவிலிருந்து ஆண் உருவத்தில் சென்ற அந்தப் போதிசத்துவரே பிற்காலச் சீனத்தில் குவான் யின் என்ற பெண் வடிவம் கொண்டார். 'தன் ஒரே மகனைத் தாய் உயிரைக் கொடுத்தும் காப்பது போல எல்லா உயிர்களிடத்தும் எல்லையற்ற மனத்தை வளர்த்துக்கொள்க' என்று பாலி மொழியிலுள்ள 'மெத்த சுத்தம்' என்ற பௌத்த சூத்திரம் சொல்வதும் பெற்றவளுக்கு மட்டுமான அறிவுரை அன்று.

பௌத்தத்தில் குழந்தையை ஏந்தும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், நான் ஹாரீதியைச் சொல்வேன். ஐந்நூறு பிள்ளைகளைப் பெற்றும் ஊரார் பிள்ளைகளைத் தின்ற இயக்கி அவள். புத்தர் அவளுடைய கடைக்குட்டியைத் திருவோட்டின் கீழ் மறைத்து வைத்தபோது தேடித் தவித்து, ஐந்நூற்றில் ஒன்றை இழந்த தனக்கே இவ்வளவு துயரம் என்றால் ஒன்றே ஒன்றை இழந்தவளுக்கு எவ்வளவு இருக்கும் என்று உணர்ந்து, பிள்ளைகளின் காவல் தெய்வமானாள். ஏழாம் நூற்றாண்டில் கடாரம் (இன்றைய கெடா) வழியாக இந்தியா சென்ற சீனத் துறவி யீஜிங், விகாரங்களின் (பௌத்த மடங்களின்) உணவுக்கூடத்தருகே குழந்தையை ஏந்திய அவள் உருவத்தை வைத்து நாள்தோறும் உணவு படைத்ததை எழுதியிருக்கிறார். பால்மரம் வெட்டப் போன தாய்மாரின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொண்ட கிழவிகளைப் போல, அவள் காப்பதும் பிறர் பெற்ற பிள்ளைகளைத்தான். குழந்தை வேண்டுமா என்பதை நாம் இங்கே முடிவு செய்யாமல் பெரியம்மாவிடமே கேளுங்கள்; அவரும் யாரையாவது தூக்கி வளர்த்தவராக இருக்கலாம்.

சுதை வேலைக்காரன்:

முகச்சாயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அம்மன் சாயல் வருவது மூக்கால் அன்று, விரிந்து திறந்த கண்ணால். மேலிமையைப் பாதி இறக்கிப் பார்வையைக் கீழே செலுத்துங்கள். சாயல் பாதி மாறிவிடும். படம் எந்த உயரத்தில் மாட்டப்படும் என்பதை முதலில் அளந்துகொண்டு, கீழே அமர்ந்து வணங்குபவர் மேல் அந்தப் பார்வை விழும்படி கண்மணியை வையுங்கள். கண்களைக் கடைசியில் எழுதுவது நம் மரபு. திபெத்தியத் துணி ஓவியர்களும் அப்படியே செய்கிறார்கள். கருணையை உடல் நிலையிலும் காட்டலாம்: பச்சைத் தாரை என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் வலக்கால் மட்டும் கீழே இறங்கியிருப்பது, அழைத்தால் உடனே எழுந்து வருவாள் என்பதைக் காட்டத்தான்.

மிச்சமிருக்கும் தமிழ்ச் சாயலுக்காக வருந்த வேண்டாம். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்த வெண்கலங்களைப் பாருங்கள். சோழநாட்டுக் கைவண்ணம் அவற்றில் நன்றாகவே தெரிகிறது.

பீடோர் தூரிகை:

பெரியம்மாவிடம் கேட்டேன். குழந்தை வேண்டாம், ஆனால் குடுவையிலிருந்து நீர் கீழே விழுவது தெரிய வேண்டும் என்றார். மேடையின் உயரத்தையும் அளந்துவிட்டேன். நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றும் இடம் என்பதால் வெள்ளாடை மஞ்சளித்துப் போகுமோ என்பதுதான் இப்போதைய கேள்வி.

சுதை வேலைக்காரன்:

புகை படிந்தால் மஞ்சளிக்கத்தான் செய்யும். அக்ரிலிக் வண்ணம் நன்றாகக் காய்ந்தபின் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசி, கண்ணாடிச் சட்டமிட்டு, ஊதுவத்திக் கிண்ணத்தை முடிந்தவரை முன்னே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே சிறிது இடைவெளி இருக்கட்டும்.