காது வெட்டிய நாயை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். திருப்பிக் கேட்க முடியுமா?

இரண்டாம்மாடி எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, இதுவரை எதுவும் எழுதியதில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை.

தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. 24 வீடுகள் உள்ள குடியிருப்பு. எங்கள் வாசலில் ஏழு வருஷமாக ஒரு பெண் நாய் இருந்தது. செம்பட்டை நிறம், அதனால் செவத்தி. 2021-இல் நகராட்சிக்காரர்கள் பிடித்துப் போய்க் கருத்தடை செய்து, நாலைந்து நாளில் அதே வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் போட்ட வெட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். வருஷா வருஷம் அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறேன். அட்டை என்னிடம் இருக்கிறது.

போன செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன லாரி வந்தது. பின்னால் இரும்புக் கூண்டு. மூன்று பேர். கம்பியில் சுருக்குப் போட்டு இழுத்தார்கள். நான் படி இறங்கி வருவதற்குள் (எனக்கு முழங்கால் வலி, லிஃப்ட் வேலை செய்யவில்லை) நான்கு நாய்களை ஏற்றிவிட்டார்கள். செவத்தி, கறுப்பு ஆண் நாய் இரண்டு, அப்புறம் நொண்டுகிற ஒன்று. "எங்கே கொண்டுபோறீங்க?" என்று கேட்டதற்கு "ஊருக்கு வெளியேம்மா" என்று ஒரே பதில். வண்டிக் கதவில் நகராட்சிப் பெயர் எதுவும் இல்லை. வாட்ச்மேன் சொல்கிறார், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லித்தான் வந்தார்களாம்.

செயலாளரிடம் போனேன். "சுப்ரீம் கோர்ட்டே நாய்களை எடுக்கச் சொல்லியாச்சு. நீங்க தெருவுல சோறு வைக்கிறதே குற்றம்" என்கிறார். மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பத்து நாள் முன்பு மூன்றாவது பிளாக் பையனை ஒரு நாய் கடித்தது. அது செவத்தி இல்லை. குப்பைத் தொட்டிப் பக்கம் புதிதாக வந்த ஒன்று. ஆனால் நான் சாப்பாடு வைப்பதால்தான் நாய்கள் கூடுகின்றன என்று எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். கேட்டுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன், அதுவும் உண்மை. முழங்காலோடு அதற்கு மேல் நடக்க முடியாது.

இப்படி நாயைக் கொண்டுபோய் வேறெங்கோ விடலாமா? நான் சோறு வைத்தது குற்றமா? யாரிடம் மனு கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விடமாட்டேன் எழுதியது:

பேசிக்கொண்டே இருக்காதீர்கள், நேராகக் காவல் நிலையம் போங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை சிறை. செயலாளர் பெயரைப் போட்டு எழுதிக் கொடுங்கள். நாலு நாள் தூக்கம் போகட்டும்.

பழைய_ஆய்வாளர் எழுதியது:

அம்மா, முதலில் மேலே இருக்கும் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 325 என்பது விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ வரும் பிரிவு. பிடித்து வேறிடத்தில் விட்டதற்கு அதைப் போட்டுக் கொண்டுபோனால், எழுத்தர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நாய் செத்துப்போச்சாம்மா?" என்று கேட்பார். நீங்கள் "தெரியலை" என்பீர்கள். மனு அங்கேயே முடிந்தது.

நான் 1993-இல் சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்றவன். சேர்ந்தபோது நாய் பிடிக்கிறது என்றால் கொல்வதற்குப் பிடிக்கிறது என்றுதான் அர்த்தம். மத்திய அரசின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்த பிறகு வேலையே தலைகீழாக மாறியது. பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, எடுத்த இடத்திலேயே விடு. அதை நீக்கிவிட்டு 2023 மார்ச்சில் புது விதிகள் வந்தன. எடுத்த இடத்தில் விடுவது என்பது அதிலும் அப்படியே இருக்கிறது.

ஏன் எடுத்த இடத்தில்? இரக்கத்துக்காக மட்டும் இல்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வார்டில் கவுன்சிலர் நச்சரித்து, தெருவில் இருந்த அத்தனை நாயையும் எடுக்க வைத்தார். தெரு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது. ஆனால் தெரு முனையில் கறிக்கடை, கழிவைக் கொட்டுகிற தொட்டி, இரண்டும் அங்கேயேதான் இருந்தன. இரண்டாவது மாதம் பக்கத்து ஏரியா நாய்கள் வந்தன. தடுப்பூசி போடாதவை, கருத்தடை செய்யாதவை, ஆளைப் பழகாதவை. பழைய நாய்கள் யாரைப் பார்த்தால் வாலை ஆட்டுவது என்று தெரிந்துவைத்திருந்தன. புதியவை எல்லாரையும் துரத்தின. அந்த வருஷம் கடி கேஸ் கூடியது. அதே கவுன்சிலர் என்னிடமே வந்து கத்தினார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வந்தது நகராட்சி வண்டியா, சங்கம் காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆட்களா? எல்லாம் இதில்தான் இருக்கிறது. நகராட்சி என்றால் பிடிப்பதற்கு முன்னால் தெருவில் அறிவிப்பு வைத்திருக்க வேண்டும். கருத்தடை மையத்துக்குப் போனதும் ஒவ்வொரு நாய்க்கும் எண் போட்ட பட்டை கட்ட வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பிடித்தது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். செவத்தியின் காதில் ஏற்கெனவே வெட்டு இருக்கிறது; கருத்தடைக்காகப் பிடித்தவர்களாக இருந்தால் காதைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கம்பிச் சுருக்கு, "ஊருக்கு வெளியே" என்ற பதில், பெயரில்லாத கதவு... எனக்கென்னவோ தனியார் ஆட்கள் என்றுதான் படுகிறது. அவர்களுக்கு நாய் பிடிக்கவே அனுமதி கிடையாது. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரச் சான்று பெற்ற அமைப்பு மட்டும்தான், அதுவும் உள்ளாட்சியோடு சேர்ந்து, இந்த வேலையைச் செய்யலாம்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: வாட்ச்மேன் நோட்டில் வண்டி எண் இருக்கிறதா பாருங்கள். சிசிடிவி பதிவை இப்போதே எடுத்து வையுங்கள். பல இடங்களில் பத்துப் பதினைந்து நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். தடுப்பூசி அட்டை நகல், காது தெரிகிற மாதிரி ஒரு பழைய படம், இவற்றோடு நகராட்சி ஆணையாளருக்கு மனு. "இந்தத் தேதியில் இந்த நேரத்தில் இந்தத் தெருவில் நகராட்சி நாய் பிடித்ததா, ஆம் என்றால் இப்போது எங்கே" என்று கேள்வியாகவே எழுதுங்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வி; 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு நகலைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

தண்டனையைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பசியிலும் தாகத்திலும் கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை என்றால் அபராதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பது ரூபாய் வரை. அச்சுப் பிழை இல்லை. 1960-இல் அது காசு. இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் நாயைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். மனு கொடுப்பது நகராட்சி அதிகாரி செயலாளரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பதற்காக.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. செயலாளர் பாதி சரி. 2025 ஆகஸ்ட் 11-இல் வந்த சுப்ரீம் கோர்ட் உத்தரவு தில்லிப் பகுதி நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. அதை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. செயலாளர் முதல் உத்தரவோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டார் போல. நவம்பர் 7 உத்தரவில் திரும்ப விடக் கூடாது என்றது பள்ளி கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களுக்கு. உங்கள் குடியிருப்பு அதில் வராது.

ஆனால் அதே ஆகஸ்ட் 22 உத்தரவு தெருவில் சோறு வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வார்டுதோறும் உணவிடம் ஒதுக்க வேண்டியது நகராட்சி. 2023 விதி 20-இல், சங்கமே கலந்து பேசி இடமும் நேரமும் குறிக்க வேண்டும், அது குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நுழைவாயிலிலும் மாடிப்படியிலும் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் என்பது தவறான இடம், அம்மா. முழங்கால் வலி எனக்குப் புரிகிறது, விதிக்குப் புரியாது.

மூன்றாம்_பிளாக்_மாதிரி எழுதியது:

நான் உங்கள் குடியிருப்புக்காரன் இல்லை, ஆனால் நானும் கடிபட்ட ஒரு பிள்ளையின் அப்பா. எல்லாரும் செவத்தியைத் தேடுகிறீர்கள், நல்லது. அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

என் மகளுக்கு ஏழு வயதில் கெண்டைக்காலில் கடி. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. என் அம்மா மஞ்சள் வைக்க ஓடிவந்தார், தடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் வந்த கடி என்பதால் அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியே ஒரு ஊசி போட்டார்கள். அது வேறு, தடுப்பூசி வேறு. தடுப்பூசி அன்றைக்கு, பிறகு 3, 7, 28-ஆம் நாள். காசு கேட்கவில்லை. கடைசி ஊசிக்கு மட்டும் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தோம்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். எந்த நாய் என்று எங்களுக்கே தெரியாது, எதைக் கண்காணிக்க? காதில் வெட்டும் கையில் அட்டையும் இருக்கும் நாய் கடித்திருந்தால் பாதிப் பயமாவது குறைந்திருக்கும். அதனால் செவத்தி மாதிரி நாய்கள் வாசலில் இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சோறு வைப்பவர்கள் அடுத்த நாயைக் கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்க மட்டும் வருவதே இல்லை. அதுதான் எரிச்சல்.

இரண்டாம்மாடி எழுதியது:

மூன்றாம் பிளாக் சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நாள் போகாததற்கு வெட்கமாகத்தான் இருந்தது. பையனுக்கு மூன்று ஊசி முடிந்திருக்கிறது, நான்காவது பாக்கி. அவன் அம்மா பேசவில்லை, காபி மட்டும் கொடுத்தார்.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் சொன்னது சரி. வாட்ச்மேன் நோட்டில் வண்டி எண் இருந்தது, "நாய் வண்டி 6.05" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். ஆணையாளர் அலுவலகத்தில் முத்திரையோடு நகல் வாங்கிவிட்டேன். அங்கேயிருந்த சுகாதாரப் பிரிவுக்காரர் அன்றைக்கு நகராட்சி வண்டி அந்தப் பக்கமே வரவில்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன், மனுவுக்குப் பதிலாக வரும் என்றார். செயலாளரை அழைத்துப் பேசினார்களாம். அவர் இறங்கிவந்துவிட்டார். சங்கக் கணக்கில் "தோட்டப் பராமரிப்பு" என்று 3,000 ரூபாய் எழுதியிருக்கிறது. தோட்டமே கிடையாது எங்களுக்கு.

புறவழிச்சாலைக் கண்மாய்க்கரையில் விட்டதாக லாரிக்காரர் ஒப்புக்கொண்டார். என் தம்பி மகன் பைக்கில் மூன்று சாயங்காலம் தேடினான். நொண்டி நாய் ஒன்பதாவது நாள் தானாகவே வந்து வாசலில் படுத்திருந்தது, பாதமெல்லாம் தேய்ந்து. அதன் காதிலும் வெட்டு இருக்கிறது, இத்தனை வருஷம் நான் கவனிக்கவே இல்லை. செவத்தி கிடைக்கவில்லை.

இடம் பேசியாயிற்று. மோட்டார் அறைக்குப் பின்னால், இரவு ஒன்பதரைக்கு. வாட்ச்மேன் தட்டைக் கொண்டுபோய் வைத்து, கழுவி எடுத்துவிடுவார். கேட்டில் இப்போது இரண்டு புது நாய்கள் நிற்கின்றன, இரண்டுக்கும் காது முழுசாக இருக்கிறது. அவற்றைப் பிடிக்க மனு நானே எழுதுகிறேன். எப்படி எழுத வேண்டும்?

பழைய_ஆய்வாளர் எழுதியது:

"இரண்டு நாய்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, நிறம், எந்த நேரத்தில் எங்கே படுக்கும், இதெல்லாம் வேண்டும். விடியற்காலை படுக்கிற இடம் தெரிந்தால் பிடிக்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. பெண் நாயின் மடி தொங்கியிருக்கிறதா பாருங்கள். பால் கொடுக்கிற தாயைக் கொண்டுபோனால் குட்டிகள் எங்கேயோ கிடந்து சாகும். அப்படி இருந்தால் குட்டிகள் பால் மறக்கட்டும், பிறகு பிடிக்கச் சொல்லி எழுதுங்கள். பிடித்த அன்று பட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப விடும்போது ஒப்பிட உதவும். மனுவின் அடியில் அந்தப் பையனின் அப்பாவிடமும் ஒரு கையெழுத்து வாங்கப் பாருங்கள்.

கண்மாய்க்கரையில் கறிக்கடையோ பரோட்டாக் கடையோ இருக்கிறதா? தம்பி மகனை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். இரவு கடை அடைக்கிற நேரத்தில்.