பிரான்ஸ் மாணவர் விசா: அங்கே போனபின் செய்யும் வாலிடேஷன் பணம் கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் பழக்கம் சுமார்தான். மகள் செப்டம்பரில் முதுகலை படிக்க லியோனுக்குப் போனாள். ஒரு வருட விசா. ஸ்டிக்கரில் வி.எல்.எஸ்-டி.எஸ் என்று அச்சாகியிருக்கிறது. போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் வாலிடேட் செய்யணும் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நவம்பர் பாதி தாண்டிவிட்டது.

பாப்பா விவரமெல்லாம் போட்டால் தளம் வாங்கிக்கொள்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் என் டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிராகரித்துவிடுகிறது. என் போனுக்கு ஓடிபியே வருவதில்லை. கணக்கில் பணம் இருக்கிறது. அவளுக்கு அங்கே வங்கிக் கணக்கு திறந்தாயிற்று, கார்டு மட்டும் இன்னும் தபாலில் வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டாயிற்று. விசாதான் ஒரு வருடத்துக்கு இருக்கிறதே, இது செய்யாவிட்டால் என்ன ஆகிவிடும் என்கிறார் மச்சான். டவுனில் ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டால் 15,000 ரூபாய் கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

இன்னொன்று. சென்னையிலிருந்து பிராங்பர்ட் போய் அங்கிருந்து லியோன் போனாள். முத்திரை ஜெர்மனியில்தான் குத்தியிருக்கிறார்கள். நுழைந்த தேதி எதைப் போடுவது?

லியோன் ஆராய்ச்சி மாணவன்:

ஏஜென்ட்டுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீங்க சார். அதில் ஏஜென்ட் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. போட்டோ ஏற்றவேண்டாம், எந்தக் காகிதமும் ஸ்கேன் செய்யவேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் பார்த்து எண்ணும் தேதிகளும் போடணும், பிரான்ஸில் இருக்கும் முகவரி, மெயில், நுழைந்த தேதி, கட்டணம். அவ்வளவுதான். ஒரு காப்பி குடிக்கிற நேரம்.

உங்கள் மச்சானுக்கு: அந்த வி.எல்.எஸ்-டி.எஸ் ஒரு வருடத்துக்கு விசாவாகவும் தங்கும் அனுமதியாகவும் இரண்டு வேலை பார்க்கும். வாலிடேட் செய்தால்தான் இரண்டாவது வேலை. மூன்று மாதம் தாண்டினால் பிரான்ஸில் இருப்பதே முறைப்படி இல்லாமல் போய்விடும், ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) எல்லையையும் தாண்ட முடியாது. பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வாள். ஸ்டிக்கரில் ஒரு வருடம் என்று போட்டிருப்பதைக் காட்டி வாதாட முடியாது.

கட்டணம்: 2022ல் நான் செய்தபோது மாணவர்களுக்கு 50 யூரோ, வேலைக்கு வருபவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 200 யூரோ. பட்ஜெட் சட்டத்தில் இதை மாற்றுவார்கள், அதனால் பணம் கட்டும் பக்கத்தில் எந்தத் தொகை காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

அம்மாபேட்டை, வங்கி வேலை:

ஓடிபி வரவே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் போனிலோ சிக்னலிலோ குறை தேடவேண்டாம், ஓடிபி அனுப்பும் கட்டத்துக்கு முன்பே கார்டு தடைபடுகிறது. இரண்டு காரணம்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று, 2020ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகக் கொடுக்கும் கார்டும் மாற்றிக் கொடுக்கும் கார்டும் முதலில் உள்ளூர் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆன்லைன் பரிவர்த்தனையும் நாமே திறந்துவிடணும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் தனித்தனி சுவிட்ச் இருக்கும். இன்டர்நேஷனலை மட்டும் போட்டுவிட்டு ஈ-காமர்ஸை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. கீழே வரம்புத் தொகை பூஜ்யமாக இருந்தாலும் நிராகரிக்கும்.

இரண்டு, கார்டில் என்ன சின்னம் இருக்கிறது? ரூபே என்றால் சுவிட்சைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. அந்தப் பக்கத்துக்கு விசா, மாஸ்டர்கார்டு மாதிரி வேண்டும். (இந்த விசா கார்டு கம்பெனி, அந்த விசா இல்லை!)

பழைய பாரிஸ்காரர்:

இதெல்லாம் இணையத்தில் எப்போது வந்தது? ஓஃபீ (பிரான்ஸின் குடியேற்ற அலுவலகம்) படிவம் என்று ஒன்று கொடுத்திருப்பார்களே, அதைப் பூர்த்தி செய்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பணும். அப்புறம் கூப்பிடுவார்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்து, பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் இல்லாமல் வாலிடேஷன் ஆனதாகவே அர்த்தமில்லை.

லியோன் ஆராய்ச்சி மாணவன்:

ஐயா, நீங்கள் சொல்வது 2019க்கு முந்தைய முறை. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து எல்லாம் ஆன்லைன். இப்போது பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டுவதில்லை. முடிந்ததும் ஒரு பிடிஎஃப் உறுதிச்சான்று வரும், அதை இறக்கி விசாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளணும், அதுதான் ஸ்டிக்கருக்குப் பதில். யாராவது பழைய படிவத்தைத் தேடி அலையப்போகிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

ஓடிபி விஷயத்தில் எங்கள் அனுபவம். தம்பி பிரான்ஸில் நான்ட் நகரில் இருக்கிறான், கார்டு அப்பா பெயரில், சிம் இங்கே மலையில். மழை பெய்தால் நாகலூர்ப் பக்கம் டவர் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. தம்பி அங்கே "பே" அழுத்துவான், அப்பா போனைத் தூக்கிக்கொண்டு மிளகுக்கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போவார், அங்கேதான் இரண்டு கோடு சிக்னல். எஸ்எம்எஸ் வருவதற்குள் பக்கம் காலாவதி. கடைசியில் அப்பாவை பஸ் ஏற்றி டவுனில் சித்தி வீட்டில் உட்காரவைத்து, வாட்ஸ்அப் காலில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லவைத்து முடித்தோம். நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், இப்போது நாலரை மணி நேர வித்தியாசம். பாப்பா மாலை வகுப்பு முடித்துவந்து உட்கார்ந்தால் இங்கே நடுநிசி.

புதுச்சேரி அக்கா:

கார்டையே விட்டுவிடுங்களேன். பாப்பா தங்கியிருக்கும் தெருவில் சிவப்பாக ஒரு நீளச் சாய்சதுரப் பலகை தொங்கும் கடை இருக்கும். அதுதான் தபா, புகையிலைக் கடை. அங்கே தாம்ப்ர் எலெக்த்ரோனிக் விற்பார்கள், நம் ஊர் ஸ்டாம்ப் பேப்பர் மாதிரிதான், ஆனால் ஒட்டவேண்டியதில்லை. வெளிநாட்டவரின் தங்கும் அனுமதிக்கு என்று சொல்லித் தொகையையும் சொல்லிக் கேட்கணும், ஏனென்றால் பாஸ்போர்ட்டுக்கு வேறு, அடையாள அட்டைக்கு வேறு. ரொக்கமாகக் கொடுத்தால் போதும். 16 இலக்க எண் போட்ட ஒரு சீட்டு தருவார்கள். பணம் கட்டும் பக்கத்தில் கார்டுக்குப் பதில் "ஏற்கெனவே தாம்ப்ர் வாங்கியிருக்கிறேன்" என்ற வழியை எடுத்து அந்த எண்ணைப் போட்டால் முடிந்தது. எல்லா தபாவிலும் கிடைக்காது, ஒன்றில் இல்லையென்றால் அடுத்த கடை.

தேதி: தளம் கேட்பது பிரான்ஸுக்குள் வந்த தேதி. ஒரே நாளில் மாறிப் போனதால் உங்களுக்குக் குழப்பமே இல்லை, அந்தத் தேதிதான். பிராங்பர்ட் முத்திரையும் லியோன் போர்டிங் பாஸும் பத்திரமாக இருக்கட்டும். மூன்று மாதம் எண்ணுவதும் அந்த நாளிலிருந்துதான், விசா தொடங்கும் தேதியிலிருந்து இல்லை.

பெயர்: நம்மவர்களுக்கு எப்போதும் வரும் தலைவலி இது. நோம் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று இருப்பதைப் போடணும், பெரும்பாலும் அப்பா பெயராக இருக்கும். ப்ரெனோம் கட்டத்தில் பிள்ளையின் பெயர். வீட்டில் எழுதும் இனிஷியலைக் கொண்டுவந்து நுழைக்கவேண்டாம். விசா ஸ்டிக்கரில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே. விசா எண் ஸ்டிக்கரின் வலது மேல் மூலையில் இருக்கும், நடுவில் இருப்பது பாஸ்போர்ட் எண். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுத் தளத்தைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. கார்டை எடுத்துப் பார்த்தேன், ரூபேதான். அந்தப் புகையிலைக் கடை வழியையே பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டில் தங்கினாள், இப்போது ஹாஸ்டல் அறை கிடைத்து மாறிவிட்டாள். எந்த முகவரி போடணும்?

லியோன் ஆராய்ச்சி மாணவன்:

இப்போது இருக்கும் இடம். இனிமேல் மாறினாலும் அதே தளத்தில் மூன்று மாதத்துக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கணும்.

ஒருவேளை கார்டிலேயே கட்டிப் பணம் பிடிபட்டு, தளத்தில் கட்டவில்லை என்று காட்டினால் பதற்றத்தில் உடனே மறுபடி கட்டாதீங்க. மெயிலில் உறுதி வந்திருக்கிறதா என்று பார்க்கணும், ஸ்பேம் உட்பட. வங்கிக் கணக்கில் உண்மையிலேயே கழிந்ததா, பிடித்து மட்டும் வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கணும். மாட்டிக்கொண்டால் பிரான்ஸுக்குள்ளிருந்து 0806 001 620 என்ற அரசு உதவி எண்ணுக்குப் பேசலாம். ப்ரெஃபெக்ச்சூரில் (நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி) கணினியோடு உட்காரவைத்து உதவும் ஒரு மேசையும் உண்டு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இது தினசரி வேலை, கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்க.

அம்மாபேட்டை, வங்கி வேலை:

கெடு தாண்டியே போனவர்களுக்கு என்ன வழி? கவுண்டரில் ஒருவர் கேட்டார்.

புதுச்சேரி அக்கா:

பிரான்ஸுக்குள் இருந்தால் ப்ரெஃபெக்ச்சூருக்குப் போய் முறைப்படுத்தும் விசா கேட்கணும், அதற்குத் தனியாக ஒரு கட்டணம், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். நாட்டைவிட்டு வெளியே வந்தபின் கெடு முடிந்திருந்தால் இங்கே மறுபடி புது விசாவுக்கு விண்ணப்பிக்கணும். ஒரு காப்பி நேர வேலையை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:

முடிந்தது. இரண்டாவது தபாவில் சீட்டு கிடைத்தது, எண்ணைப் போட்டதும் வாங்கிக்கொண்டது. பிடிஎஃப் எனக்கும் அனுப்பிவிட்டாள், செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றைப் பீரோவில் வைத்தாயிற்று. பிரிண்ட் அவள் கையில்தான் இருக்கணும் என்பது தெரியும், இருந்தாலும் அவள் அம்மாவுக்கு ஒன்று வேண்டுமாம். இதைக் காட்டியதும் வீட்டு வாடகை உதவித்தொகை விண்ணப்பமும் நகர்ந்திருக்கிறது.

லியோன் ஆராய்ச்சி மாணவன்:

நல்லது சார். பொங்கலுக்கு வரும்போது பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்க, செக்-இன் பெட்டியில் போட்டுவிடப் போகிறாள். அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்க, விசா முடிய நாலு மாதம் இருக்கும்போது தொடங்கி இரண்டு மாதம் இருக்கும் வரைக்குள் விண்ணப்பிக்கணும், இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்க.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

இதோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி மனைவி இப்போது அங்கே போகிறாள். அவள் ஸ்டிக்கரில் வி.எல்.எஸ்-டி.எஸ் என்று இல்லை, 'கார்ட் த செஜூர் அ சொலிசித்தே' என்று நீளமாக ஏதோ இருக்கிறது. அவளுக்கும் இதே பக்கமா?

புதுச்சேரி அக்கா:

இல்லை தம்பி. அது வாலிடேட் செய்யும் விசா இல்லை, போனபின் தங்கும் அட்டைக்கே விண்ணப்பிக்கவேண்டிய விசா. கெடுவும் மூன்று மாதம் இல்லை, வந்து இறங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம். இந்தப் பக்கத்தில் எண்ணைப் போட்டால் ஏற்காது. எந்த வகை அட்டை என்று அதே வரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துச் சொல்லு.